கிராண்ட் பேயில் டீக்கி பார்: போகும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் கிராண்ட் பே பக்கம் புதிதாக ஒரு டீக்கி பார் திறந்ததிலிருந்து, ஓட்டல் பாரில் வேலை பார்த்தவன் என்பதால், எனக்கு ஓயாமல் கேள்விகள் வருகின்றன. எபேனில் ஐ.டி. வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள், கோவிலில் பார்க்கும் அக்காமார் கேட்கிறார்கள், சம்பந்தி வீட்டில்கூடக் கேட்டாகிவிட்டது. எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்கள்தான். அவரவர் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுக் கீழே பதிலை எழுதியிருக்கிறேன்.

டீக்கி பார்னா என்னண்ணே? சாதாரண பார்தானே?

பார்தான், ஆனால் தனி பாணி. உள்ளே நுழைந்ததும் மூங்கில், பாய், மீன்வலை, மரத்தில் செதுக்கிய பெரிய முகங்கள். வெளிச்சம் வேண்டுமென்றே குறைவாக இருக்கும். பானங்களில் பெரும்பாலானவை ரம்மில் செய்தவை. அதோடு புதிதாகப் பிழிந்த எலுமிச்சை, அன்னாசி, கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, சாத்துக்குடி இனத்துப் பெரிய கசப்புப் பழம்) சாறும், பட்டை, கிராம்பு, பாதாம் போட்ட சிரப்புகளும் சேரும். நொறுக்கிய ஐஸ் நிறைய இருக்கும்.

இதைத் தொடங்கியது அமெரிக்காவில். அங்கே மதுவிலக்கு முடிந்த 1933ஆம் ஆண்டில் டான் பீச் என்பவர் ஹாலிவுட்டில் ‘டான் த பீச்காம்பர்’ என்ற சின்ன பாரைத் திறந்தார். அடுத்த வருடம் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் ஓர் உணவகம் தொடங்கினார். அதுதான் பிறகு ‘டிரேடர் விக்ஸ்’ ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பசிபிக் தீவுகளிலிருந்து திரும்பிய சிப்பாய்களால் இந்த மோகம் பெருகியது. 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமானதும் உச்சத்துக்குப் போனது. எழுபதுகளில் படுத்துவிட்டது. இப்போது நாம் பார்ப்பது, தொண்ணூறுகளுக்குப் பிறகு ஆர்வலர்கள் தேடித் தேடி மீட்டெடுத்த வடிவம்.

அப்போ இதெல்லாம் ஹவாய்க்காரங்க காலங்காலமா குடிக்கிற பானமா?

இல்லை. சுவரில் இருக்கும் அலங்காரம் பசிபிக், கோப்பையில் இருப்பது கரீபியன், இரண்டையும் சேர்த்தது கலிஃபோர்னியா. டான் பீச் ஜமைக்கா, கியூபா பக்கம் குடிக்கப்படும் ரம், எலுமிச்சை, சர்க்கரைக் கலவையை எடுத்துக்கொண்டு, ஒரு ரம்முக்குப் பதில் இரண்டு மூன்று ரம்களைச் சேர்த்து, மசாலா சிரப் ஊற்றி, புதிதாக ஒன்றைக் கட்டினார். பசிபிக் தீவுகளின் பாரம்பரிய பானம் காவா. ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, அதில் ஆல்கஹாலே கிடையாது. பிஜியில் உறவுக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அங்கே நம் ஆட்களும் உட்கார்ந்து குடிப்பார்கள்.

மெனுவைத் திறந்தா தலை சுத்துது. முதல்ல எதைக் கேக்கணும்?

மாய் தாய் கேளுங்கள். அந்த பார் உருப்படியான பாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். 1944இல் பெர்ஜெரான் செய்த மாய் தாயில் இருந்தவை ஐந்தே பொருட்கள். பீப்பாயில் வைத்துப் பழக்கிய ஜமைக்கா ரம் (அவர் பயன்படுத்தியது 17 வருடம் பழக்கியது), எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் தோல் வாசனையுள்ள இனிப்பு மதுவான ஆரஞ்சு குராசோ, ஓர்ஷா என்னும் பாதாம் சிரப், கொஞ்சம் சர்க்கரைப் பாகு. அன்னாசிச் சாறு இல்லவே இல்லை. அது பிற்பாடு ஹவாய் ஓட்டல்களுக்குப் போனபோது ஒட்டிக்கொண்டது.

நன்றாகப் போட்ட மாய் தாய் தேன் நிறத்தில் இருக்கும். மேலே நொறுக்கிய ஐஸ், அதன்மேல் பிழிந்து முடித்த எலுமிச்சை மூடி ஒன்று கவிழ்த்திருக்கும், பக்கத்தில் ஒரு கொத்து புதினா. ஸ்ட்ராவைப் புதினாவை ஒட்டிச் செருகியிருப்பார்கள். உறிஞ்சக் குனியும்போது மூக்கில் முதலில் புதினா வாசம் ஏற வேண்டும், பிறகு நாக்கில் ரம், புளிப்பு, கடைசியில் மெல்லிய பாதாம். சிவப்பாக, செர்ரி மிதக்க, ஜூஸ் மாதிரி வந்தால் அந்த பாரில் அடுத்த பானத்துக்குப் பீர் சொல்லிவிடலாம்.

கசப்பு பிடிக்கும் என்றால் ஜங்கிள் பேர்ட் நல்ல தேர்வு. எழுபதுகளில் கோலாலம்பூர் ஹில்டனில் பிறந்தது. கறுப்பு ரம், அன்னாசி, கம்பாரி என்ற கசப்பான சிவப்பு மது. தேங்காய்ப் பிரியர்களுக்கு பீனா கொலாடா இருக்கவே இருக்கிறது. அது போர்ட்டோ ரிக்கோ சமாச்சாரம், டீக்கிக்காரர்கள் தத்தெடுத்துக்கொண்டது.

குடிச்சா ஜூஸ் மாதிரிதான் இருக்கு. அவ்வளவா ஏறாதுல்ல?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். ஏறும். இனிப்பும் புளிப்பும் ஐஸும் சேர்ந்து ரம்மின் காரத்தை மறைத்துவிடுகின்றன, அளவைக் குறைப்பதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத பீர் 330 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 16 மில்லி. ஒரு மாய் தாயில் 40 சதவீத ரம் 60 மில்லி, குராசோ 15 மில்லி. அதில் ஆல்கஹால் 30 மில்லி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு பீர். டான் பீச் 1934இல் போட்ட ஜாம்பி என்ற பானத்தில் இரண்டு வகை ரம் தலா 45 மில்லி, அதன்மேல் 75 சதவீதத்துக்கும் கூடுதலான ரம் 30 மில்லி. மொத்தம் 58 மில்லி ஆல்கஹால். மூன்றரை பீரை ஒரே டம்ளரில் ஊற்றி, ஸ்ட்ரா போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

பீரில் வயிறு நிறைவதே ஒரு தடை. இதில் அதுவும் கிடையாது. வெயிலில் கடற்கரையில் கிடந்துவிட்டு, தாகத்தோடு, வெறும் வயிற்றில் வந்து உட்காராதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடியுங்கள். கேட்டால்தான் தருவார்கள் என்றால் கேளுங்கள்.

ஒருத்தருக்கு ரெண்டு ஜாம்பிக்கு மேல கிடையாதுன்னு எழுதிப் போட்டிருக்காங்களே, விளம்பரத்துக்கா?

விளம்பரமும்தான். டான் பீச் காலத்திலேயே அந்த வரம்பைச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டம் சேர்த்தார். ஆனால் மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் வரம்பில் நியாயம் இருப்பது தெரியும். இரண்டு ஜாம்பி என்பது ஏழு பீர். என்னைக் கேட்டால் ஒன்று, அதையும் ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும்.

ஜாம்பிக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. போட்டிக்காரர்கள் திருடிவிடக் கூடாது என்று டான் பீச் தன் கலவைகளைக் குறியீட்டில் எழுதி வைத்தார். பாட்டிலில் பெயர் இருக்காது, எண்ணும் புனைபெயரும்தான் இருக்கும். கலந்து கொடுக்கிற பார்ட்டெண்டருக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ‘டான்ஸ் மிக்ஸ்’ என்று எழுதியிருந்தது கிரேப்ஃப்ரூட் சாறும் பட்டை சிரப்பும் என்பதை ஜெஃப் பெர்ரி என்ற ஆய்வாளர் பழைய பணியாளர்களின் குறிப்பேடுகளை வைத்துப் பல வருடம் உழைத்துக் கண்டுபிடித்து, 2007இல்தான் வெளியிட்டார்.

இவ்வளவு ரம்னு சொல்றீங்களே, அது நம்ம மொரீஷியஸ் ரம்மா?

கட்டாயம் கேளுங்கள். பார்ட்டெண்டரிடம் “எந்த ரம் போடுகிறீர்கள்?” என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. தொழில் தெரிந்தவர் அந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். பாட்டிலை எடுத்து முன்னால் வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

நம் தீவில் இரண்டு வழியிலும் ரம் செய்கிறார்கள். ஒன்று, சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மொலாசஸைப் புளிக்கவைத்து வடிப்பது. போ பிளானில் இருக்கும் கிரேஸ் நிறுவனத்தின் நியூ குரோவ் அந்த வகை. இன்னொன்று, கரும்புச் சாற்றையே நேராகப் புளிக்கவைப்பது. 2008இல் திறந்த ஷமரெல் வடிசாலை அப்படிச் செய்கிறது. மொலாசஸ் ரம் கனமாக, வெல்ல வாசனையோடு இருக்கும். சாற்று ரம்மில் வெட்டிய கரும்பின் பச்சை வாசம் அப்படியே இருக்கும். மாய் தாய்க்குப் பழக்கிய நியூ குரோவ் நன்றாகப் பொருந்தும். சாற்று ரம்மை எலுமிச்சை, சர்க்கரையோடு மட்டும் சேர்த்து டைக்கிரியாகக் குடித்துப் பார்க்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தத் தீவுக்குக் கரும்பு வந்தது 1639இல், டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டு வந்தார்கள். 1834க்குப் பிறகு அந்தக் கரும்பை வெட்ட ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்த நம் ஆட்களும் உண்டு. பொலினேசியா என்று அலங்கரித்த அறையில் உட்கார்ந்து கரீபியன் ரம் குடிப்பதில் தப்பில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற கரும்புக்கும் மெனுவில் இடம் வேண்டும். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்கிற வாடிக்கையாளர்களாக நாம் இருக்க வேண்டும். நேரம் இருந்தால் போகிற வழியில் போ பிளானில் பழைய சர்க்கரை ஆலையிலேயே இருக்கும் சர்க்கரை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கடைசியில் சர்க்கரையும் ரம்மும் சுவைக்கக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு கோப்பையில் இருப்பது வேறு மாதிரி தெரியும்.

விலை ஏன் இப்படி? சும்மா ஜூஸும் ரம்மும்தானே?

எலுமிச்சையை அன்றன்றைக்குப் பிழிய வேண்டும், பாட்டில் சாறு ஊற்றினால் கெட்டுவிடும். சிரப் எல்லாம் அங்கேயே காய்ச்சுவது. ஒரு ஜாம்பியில் எட்டு பத்துப் பொருள் போகிறது. மெனு விலையில் 15 சதவீத வாட் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் போனால் பெரிய கிண்ணத்தில் நீளமான ஸ்ட்ராக்களோடு வரும் ஸ்கார்ப்பியன் சொல்வது செலவைக் குறைக்கும். ஆனால் யார் எவ்வளவு குடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுபவர் அதில் வாய் வைக்கவே கூடாது.

நெருப்பு எரியுற மாதிரி கொண்டு வராங்களே, பயமா இருக்கு.

எலுமிச்சை மூடியில் கொஞ்சம் அதிக வலு ரம் ஊற்றிக் கொளுத்துவது அது. மேலே பட்டைத் தூளைத் தூவினால் பொறி பறக்கும். தீ தானாக அணையும் வரை, அல்லது பணியாளர் அணைக்கும் வரை, குனியாதீர்கள். தலைமுடியையும் துப்பட்டாவையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஊதி அணைக்கப் பார்த்தால் எரியும் ரம் மேசையில் சிதறும்.

நான் குடிக்க மாட்டேன். சும்மா கூட வந்தா நல்லா இருக்குமா?

நன்றாகவே இருக்கும். டீக்கி பாரின் பாதி வேலை சாறிலும் சிரப்பிலும்தான் இருக்கிறது, அதனால் ரம் இல்லாமலே அருமையாகக் கலந்து தருவார்கள். அன்னாசி, எலுமிச்சை, ஓர்ஷா, ஜாதிக்காய் என்று கேளுங்கள். ஒரு சொட்டுகூட ஆல்கஹால் கூடாது என்பவர்கள் இரண்டைச் சொல்லிவிட வேண்டும். வாசனைக்குச் சொட்டு விடும் கசப்புச் சாரமான அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் 44 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், சில சொட்டு போட்டாலும் போட்டதுதான். ஃபலெர்னம் என்ற கிராம்பு இஞ்சி சிரப் சில பிராண்டுகளில் ரம்மோடு வரும்.

சுத்த சைவம் அண்ணே நாங்க. தொட்டுக்க ஏதாவது கிடைக்குமா?

டீக்கி பார் சைடிஷ் என்றால் மரபாகப் பன்றி விலா, இறால், நண்டு வைத்துப் பொரித்த பொட்டலம் என்று போகும். பார்த்தால் சமோசா மாதிரி இருக்கும், உள்ளே நண்டு இருக்கும். மாட்டிறைச்சியும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் கேட்டுச் சொல்லுங்கள், எண்ணெய்ச் சட்டி தனியா என்றும் கேளுங்கள். நான் சொல்வது, வரும் வழியிலேயே இரண்டு தால்பூரியோ (பருப்பு வைத்த ரொட்டி) நாலைந்து கத்தோ பிமாவோ (மிளகாய் போட்ட பருப்பு வடை) சாப்பிட்டுவிடுங்கள். வெறும் வயிறு பிரச்சினையும் தீர்ந்தது.

பாதாம் முதலிய கொட்டைகள் ஒத்துக்கொள்ளாதவர்கள் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். ஓர்ஷா பாதாமில் செய்தது, ஃபலெர்னத்திலும் பாதாம் இருக்கலாம். மெனுவில் இந்தப் பெயர்களைப் பார்த்துப் பாதாம் என்று யாருக்கும் தோன்றாது.

ஓர்ஷா ஓர்ஷான்னு சொல்றீங்களே, மாய் தாயை வீட்லயே போட முடியாதா?

முடியும். இருநூறு கிராம் பாதாமை ஊறவைத்துத் தோலுரித்து, நானூறு மில்லி தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டுங்கள். வந்த பாலுக்குச் சம அளவு சர்க்கரை போட்டு மெல்லிய தீயில் கரையும் வரை கிளறுங்கள், கொதிக்க விடாதீர்கள், திரிந்துபோகும். ஆறியதும் ஆரஞ்சுப்பூ நீர் சில சொட்டு. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கடை பாதாம் மிக்ஸ் பவுடர் வேண்டாம், அதில் ஏலக்காயும் மஞ்சள் நிறமும்தான் மேலே நிற்கும்.

ரம் 60, எலுமிச்சை 30, குராசோ 15, ஓர்ஷா 15 மில்லி, சர்க்கரைப் பாகு ஒரு தேக்கரண்டி. நொறுக்கிய ஐஸோடு மூடிய பாத்திரத்தில் நன்றாகக் குலுக்கி, ஐஸோடு அப்படியே ஊற்றுங்கள். எலுமிச்சை மூடி, புதினா.

பிரஷர் மாத்திரை போடுறேன், சுகரும் இருக்கு. ஒண்ணு குடிக்கலாமா?

இதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்கும்போது ‘ரம்’ என்று மட்டும் சொல்லாமல் ‘கிரேப்ஃப்ரூட்’ என்றும் சொல்லுங்கள், அது முக்கியம். நிஃபெடிபின், ஃபெலோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும், சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரைகளும் கிரேப்ஃப்ரூட்டோடு சேர்ந்தால் உடம்பில் அளவுக்கு மேல் தங்கிவிடும். ஜாம்பியிலும் நேவி கிராக் என்ற இன்னொரு ரம் பானத்திலும் கிரேப்ஃப்ரூட் உண்டு. ரம் இல்லாத கலவையிலும் இருக்கலாம்.

சுகருக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. சிரப் சர்க்கரையை ஏற்றும், சில மணி நேரம் கழித்து ஆல்கஹால் இறக்கும். ராத்திரி தூக்கத்தில் இறங்கினால் யாருக்கும் தெரியாது.

காவடிக்கு விரதம் இருக்கேன். ஆபீஸ் பார்ட்டி அங்கதான் வெச்சிருக்காங்க. என்ன பண்றது?

போகாதீர்கள். காவடி இங்கே அரசு விடுமுறை. விரதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிரியோல் நண்பர்களும் முஸ்லிம் நண்பர்களும்கூடப் புரிந்துகொள்வார்கள், இந்த ஊரில் விளக்கம் தேவையில்லை. கோவிந்தன் மாதத்துக்கும் (புரட்டாசி) இதேதான். குடிக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாமே என்று சிலர் சொல்கிறார்கள். மாமிசமும் மதுவும் புழங்கும் மேசையில் விரதக்காரர் உட்காருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

விரதம் முடிந்த மறுநாளே போகிறவர்களுக்கும் ஒன்று. பத்து நாள் அளவாகச் சாப்பிட்ட உடம்பில் முன்பு தாங்கிய அளவு தாங்காது. ஒரு வாரம் பொறுத்துப் போங்கள்.

ராத்திரி திரும்பி வர்றது எப்படி? மெட்ரோ இருக்கா?

மெட்ரோ எக்ஸ்பிரஸ் கிராண்ட் பேக்கு வருவதில்லை. பஸ் மாலைக்கு மேல் நம்ப முடியாது. டாக்ஸிக்குப் போகும்போதே திரும்புவதற்கும் சேர்த்து வாடகை பேசி முடித்துவிடுங்கள், நள்ளிரவில் பேசினால் விலை வேறு. இல்லையென்றால் ரம் இல்லாத பானம் குடிக்கும் ஒருவர் காரை எடுக்கட்டும். “ஒண்ணுதான் குடிச்சேன்” என்று சாவியைக் கையில் எடுக்கிறவரிடம் மேலே போட்ட பீர் கணக்கைக் காட்டுங்கள்.

அந்த முகம் செதுக்கின கோப்பை அவங்க சாமின்னு பொண்ணு சொல்றா. அதுல ஊத்திக் குடிக்கலாமா?

உங்கள் பெண் கேட்டது சரியான கேள்வி. டீக்கி என்பது பொலினேசியர்களின் செதுக்கிய மனித உருவம். மாவோரிக் கதைகளில் டீக்கி முதல் மனிதன், அந்த உருவத்தைக் குடும்பச் சொத்தாகக் கழுத்தில் அணிகிறார்கள். மார்க்கேசஸ் தீவுகளில் கல் டீக்கிகள் புனித இடங்களில் நிற்கின்றன. பல பார்களில் கோப்பையாக வரும் நீண்ட முகம் ஈஸ்டர் தீவின் கற்சிலைகளுடையது. அவை அந்த மக்களின் முன்னோர்கள். செருப்பிலும் பீர் பாட்டிலிலும் நம் தெய்வப் படத்தைப் போட்டபோது நமக்கு எப்படி இருந்தது? அதே வருத்தத்தைப் பசிபிக் மக்கள் பலர் சொல்லிவருகிறார்கள். அதைக் கேட்டுச் சில பார்கள் சிலைகளையும் டீக்கி என்ற பெயரையும் விட்டுவிட்டன, பானங்களை மட்டும் வைத்திருக்கின்றன.

எனக்குப் பானங்கள் மேல் பிரியம் உண்டு, அவற்றைக் கலந்தவர்களின் உழைப்பின் மேல் மரியாதையும் உண்டு. அந்த முகத்தில் ஊற்றிக் குடிக்க மட்டும் மனம் வரவில்லை. கிளி, மீன், தேங்காய் வடிவக் கோப்பைகளும் இருக்கின்றன, கேட்டால் மாற்றித் தருவார்கள். மாய் தாய்க்கு அதுவும் வேண்டாம். பெர்ஜெரான் அதைச் சாதாரணக் கண்ணாடி டம்ளரில்தான் கொடுத்தார்.